சாதாரணச் சொற்கள்

“சோதனைக்கு எலி கிடைக்கலன்னு என்னைப் பிடிச்சு உட்கார வச்சிட்டியாடி?” என்றாள் அக்கா, கணினித் திரைக்கு முன் நாற்காலியை இழுத்துக்கொண்டே.

வரவேண்டிய மாணவி வரவில்லை. அக்காவுக்கு மூன்று மணிவரை வேலையில்லை. மூன்று மணிக்கு அத்தான் இந்த ஆய்வறைக்கே வந்து அவளை வீட்டுக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு.

இரண்டு வாரமாக எங்களோடு இருந்தாள். என்ன நடந்தது என்று கேட்டபோதெல்லாம் ஒன்றுமில்லை என்றாள். அம்மா அதை நம்பிவிட்டாள்.

பரிசோதனை எளிது. திரையில் ஒரு சொல் வரும். அதன் பொருளைக் கண்டுகொள்ளக் கூடாது. எந்த நிறத்தில் எழுதியிருக்கிறதோ, அந்த நிறப் பொத்தானை அழுத்த வேண்டும்.

மனம் சொன்ன பேச்சுக் கேட்காது. வாசித்துவிடும். வாசித்தது உறுத்தினால் விரல் தாமதிக்கும். அந்தத் தாமதத்தைத்தான் அளக்கிறோம்.

பாதிச் சொற்கள் பயம் தருபவை. மீதி, ஒப்பிடுவதற்கான சாதாரணச் சொற்கள். அவற்றை எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்து நான்தான் எழுதினேன்.

கத்தி. ரத்தம். அடி.

எல்லாமே முக்கால் நொடிக்குள். ‘அடி’க்கான எண்ணை மட்டும் இரண்டாம் முறை பார்த்தேன். முக்கால் நொடிதான். எனக்கு மூச்சு வந்தது.

கரண்டி. சீப்பு. தலையணை.

தாழ்ப்பாள்.

மூன்று நொடி.

இவ்வளவு விலகி நிற்கும் எண்ணைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கவனம் சிதறியது என்று குறித்து நீக்கிவிடுவோம்.

நீக்கவில்லை. சொற்களின் வரிசையைக் கலைத்து மறுபடி ஓட்டினேன். அதே சொல்லில் மூன்றரை நொடி.

மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

உங்கள் வீட்டில் தாழ்ப்பாள் ஏதாவது பழுதா என்று, திரையைப் பார்த்தபடியே கேட்டேன்.

“எது? ரூமுக்கு வெளிப்பக்கம் புதுசா போட்டாரே, அதுவா?”

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது.

படிக்கட்டில் அத்தானின் காலடிச் சத்தம் ஏறி வந்தது.

ஆய்வறைக் கதவைத் தாழிடப் பாய்ந்தேன். அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது.

கதவை முழுக்கத் திறந்தேன். என் நாற்காலியைத் தூக்கிப்போய் வாசலுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.

பின்னால், கைப்பையை அக்கா மேசைமேல் வைப்பது கேட்டது.