பதினோரு மணிக் காபி

உட்கார நாற்காலியைக் காட்டுவதற்கு முன்பே, அவள் கையில் ஃபில்டரைக் கொடுத்துவிட்டார்கள்.

பணியாணை இன்னும் கைப்பையில் இருந்தது. கணவர் பார்த்த வேலை. அவர் போய் எட்டு மாதம் கழித்து, கருணை அடிப்படையில் அவளுக்குக் கிடைத்தது. இன்று முதல் நாள்.

"உங்க சார் போனதுலேர்ந்து இந்த ஆபீஸ்ல காபின்னு ஒண்ணு கிடையாதும்மா," என்றார் கண்காணிப்பாளர் அருளானந்தம்.

மூலையில் ஒரு இயந்திரம் நின்றது. பொத்தானை அழுத்தினால் நுரையோடு ஏதோ ஊற்றும். அதன் அருகே, மேலிருந்து அமுக்கிக் காபி வடிக்கும் கண்ணாடிக் குடுவை. அருளானந்தத்தின் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. அதில் மணிபிளான்ட் வளர்ந்துகொண்டிருந்தது.

"மிஷின் காபியக் குடிச்சுக் குடிச்சு பிச்சைக்கனிக்கு முடியே கொட்டிப்போச்சு."

"அது என் கல்யாணத்தன்னிக்கே கொட்டினது சார். மிஷின் மேல பழி போடாதீங்க," என்றார் பக்கத்து மேசை பிச்சைக்கனி.

எல்லோரும் சிரித்தார்கள்.

"தினமும் அவரா போட்டார்?" என்றாள் அவள்.

"பின்னே? பதினோரு மணிக்கு சார் பேனாவ மூடினா, செக்‌ஷனே மூக்கத் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்கும்."

வீட்டில் அவர் அடுப்பைப் பற்ற வைத்து அவள் பார்த்ததில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் ஃப்ளாஸ்கைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவார்.

ஃபில்டர் கனத்தது. பத்துப் பேருக்கானது.

"சார் வீட்டுக்காரங்களே வந்தாச்சு. இனிமே நமக்கென்ன கவலை," என்றார் அருளானந்தம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தார்.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

இன்று இதை எடுத்துக்கொண்டு உள்ளே அடுப்படிக்குப் போனால், ஓய்வு பெறும்வரை உள்ளேதான்.

ஃபில்டரை அருளானந்தத்தின் மேசைமீது வைத்தாள்.

"அவர் பார்த்த வேலைக்குத்தான் சார் வந்திருக்கேன். காபி, அவர் ஆசைக்குப் போட்டது."

கைப்பையிலிருந்து பணியாணையை எடுத்து ஃபில்டருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என் இடம் எதுன்னு சொன்னீங்கன்னா உக்காருவேன். யார் போட்டாலும் எனக்குச் சர்க்கரை கம்மியா."

முதலில் சிரித்தது பிச்சைக்கனி. பிறகு அருளானந்தமும் சிரித்துவிட்டார். சன்னலோர நாற்காலியைத் தானே துடைத்து இழுத்துப் போட்டார்.

"நான் போடுறேம்மா," என்று ஃபில்டரை எடுத்துக்கொண்டார் பிச்சைக்கனி. "சார் பக்கத்துலயே நின்னு பாத்திருக்கேன்."

அவள் உட்கார்ந்தாள். முதல் ஃபைலைப் பிரித்தாள்.

அந்த இடத்திலிருந்து அடுப்பு நேராகத் தெரிந்தது.

பிச்சைக்கனி ஃபில்டரை வெந்நீரில் அலசி உதறினார். பொடியைப் போட்டு, கரண்டியின் முதுகால் தடவினார். அமுக்கவில்லை. மேலே ஒரு சிட்டிகை சர்க்கரையைத் தூவினார்.

அவள் பேனா நின்றது.

"அது எதுக்குங்க, சர்க்கரை?"

"நானும் கேட்டேம்மா. அதெல்லாம் தொழில் ரகசியம்யான்னு சொல்லிட்டாரு. எங்க கத்துக்கிட்டாரோ மனுஷன்."

தன்னுடைய அந்தச் சிட்டிகை சர்க்கரையை யாருக்கும் அவள் சொல்லிக்கொடுத்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை.

வீட்டில் காலையில் கணவர் செய்தித்தாளோடு சமையலறை வாசலில் வந்து நிற்பார். அவசரப்படுத்துகிறார் என்று நினைப்பாள். "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்பாள், திரும்பிப் பார்க்காமலே.

டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அதற்குள் ஒரு ஃபைலை முடித்து, குறிப்பெழுதி, தன் பெயரில் கையெழுத்திட்டாள்.

டம்ளர் வந்தது. அலுவலகமே அவள் வாயைப் பார்த்தது.

"எப்படிம்மா? சார் கைமணம் வருதா?"

அவள் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாயும் குடித்தாள்.

"அதே கைமணந்தான்," என்றாள், கொஞ்சமும் தயங்காமல்.

பிச்சைக்கனிக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் அடுத்த ஃபைலை எடுத்தாள்.