அண்ணன் சொன்ன விலை

பெண்ணியத்தின் விலை எழுத்துக்கு இருநூறு. புள்ளி வைத்த எழுத்தானாலும் அதே விலைதான் என்றார் போர்டுக்காரர்.

"புள்ளி வச்சது அரை எழுத்துதானே? பாதி போடுங்க" என்றேன்.

"அதையும் முழுசாத்தான் வெட்டணும், முழுசாத்தான் ஆணி அடிக்கணும்மா."

நியாயமான பதில். பேரத்தில் எனக்குப் பிடிக்காததே அதுதான்.

எங்கள் ஹார்டுவேர் கடையின் பெயருக்குக் கீழே 'பெண்ணிய நிறுவனம்' என்று வர வேண்டுமாம். தங்கையின் ஆசை. கடை எங்கள் இருவருக்கும் பொது. ஆசை மட்டும் தனித்தனி.

ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிற இடத்தில் அந்தச் சொல் எதற்கு என்பது என் கட்சி. பழைய சரக்கு, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வேறு ஏதாவது வாங்கி வைக்கலாம் என்றேன்.

"பழசா? நம்ம தெருவுல இன்னும் பார்சலே பிரிக்கலையேக்கா."

அதுவும் சரியாகத்தான் பட்டது. காலையிலிருந்து இதே கதை. அவள் பேசினால் அவள் சொல்வது சரி, நான் பேசினால் நான் சொல்வது சரி. நடுவில் ஒருமுறை நான் வேண்டும் என்றும் அவள் வேண்டாம் என்றும் கட்சி மாறிக்கூடச் சண்டை போட்டுவிட்டோம்.

போர்டுக்காரர் ஏணியைச் சுவரில் சாய்த்தார். பார்வை எங்களைத் தாண்டி உள்ளறைக் கதவுக்குப் போனது. கதவுக்கு வெளியே பெரிய ஆண் செருப்பு ஒரு ஜோடி. உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம்.

"எதுக்கும் அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுருங்கம்மா."

எல்லோரும் சொல்வதுதான். சிமெண்ட் கம்பெனி ஆள், பைப் மொத்த வியாபாரி, கடன் சொல்லிப் போகும் கொத்தனார், யாரானாலும் எங்களிடம் மல்லுக்கட்டிவிட்டுக் கடைசியில் அண்ணன் பேச்சுக்குத்தான் அடங்குவார்கள். கறாரான ஆள் என்று கடைத்தெருவில் பெயர்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் கழித்து வெளியே வந்தேன்.

"போர்டு மாட்டிக்கலாமாம். ஆனா எழுத்துக்கு நூத்தம்பதுக்கு மேல ஒத்தக் காசு கிடையாதாம்."

போர்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணனே சொல்லிட்டாரா? அப்புறம் என்னத்தைப் பேசுறது."

ஏறிவிட்டார்.

ஜெயித்த களை தங்கை முகத்தில் இல்லை. முதல் எழுத்து சுவரில் உட்கார்ந்ததும் என் காதருகே வந்தாள்.

"இதைப் படிச்சப்புறம் அண்ணனை யாருக்கா நம்புவாங்க?"

நான் செருப்பைப் பார்த்தேன். அப்பா போய், கடை எங்கள் கைக்கு வந்த மாதம் நாங்கள் இருவரும் பேரம் பேசி வாங்கியது. இதுவரை எந்தக் காலும் அதில் நுழைந்ததில்லை. புதுசு போலத் தெரியக் கூடாதென்று தங்கைதான் இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு அவ்வப்போது வாசல் மண்ணில் தேய்த்துவைப்பாள்.

அப்பா பெற்றது எங்கள் இரண்டு பேரைத்தான்.

உள்ளே போய் மின்விசிறியை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். நிறுத்து என்றாள். ரெண்டடி வைப்பதற்குள், இரு என்றாள்.

மேலே சுத்தியல் சத்தம்.

ஒன்பது எழுத்து. கேட்டது ஆயிரத்து எண்ணூறு. கொடுப்பது ஆயிரத்து முந்நூற்றைம்பது. மிச்சம் நானூற்றைம்பது, அண்ணன் பெயரில் வரவு.