இடது பக்கம் வெயிட் பத்தல

"அத்தை, கொஞ்சம் போட்டுக்கு வாங்க. உங்க வெயிட் வேணும்."

நித்யஸ்ரீ இப்படிச் சொன்னதும் அவள் கணவன் மிதுனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன பேச்சு இது நித்யா? எங்கம்மாவை மூட்டைன்னு நெனச்சியா?"

"நான் என்னங்க பண்றது? இடது பக்கப் பின் டேங்க்ல தண்ணி பாதிதான் இருக்குது. பம்பு மக்கர் பண்ணுது. வெயிட் இல்லாட்டி அலை வராது. அலை வராட்டி நீங்க எப்படி நிப்பீங்க?"

ஆனைமலை அடிவாரத்தில் ஏரியோடு சேர்ந்த ரிசார்ட் அது. படகு ஓடும்போது பின்னால் எழுகிற அலையில், ஒரு பலகை மேல் நின்றபடியே வர வேண்டும். அலை நன்றாக இருந்தால் கயிற்றைக்கூட விட்டுவிடலாம், அதுவே தள்ளிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட அலை எழ, படகு பின்பக்கம் ஒரு ஓரமாகத் தண்ணீரில் அமுங்க வேண்டும். அதற்காகவே படகுக்கு அடியில் டேங்குகள் இருக்கின்றன. ஏரித் தண்ணீரையே பம்பு போட்டு அதில் ரொப்புவார்கள்.

காலையில் ஒழுங்காக எழுந்த அலை, மிதுன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் சப்பென்று ஆகிவிட்டது. அவன் இன்னும் ஒரு தடவைகூடக் கயிற்றை விட்டு நின்றிருக்கவில்லை.

மாமியார் வரலட்சுமி கரையில், எல்லோருடைய செருப்பு, செல்போன், பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கு இதுதான் உத்தியோகம். கூப்பிட்டால், "நீங்க போயிட்டு வாங்க கண்ணு, நான் பையைப் பாத்துக்கறேன்" என்பார். அந்தப் பைகளை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்களோ, அவருக்குத்தான் வெளிச்சம். இன்றும் காலையிலிருந்து படகையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்று முன் அதன் விலாவிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியதையும் பார்த்தார்.

"வேணும்னா அப்பாவைக் கூட்டிட்டுப் போ," என்றான் மிதுன்.

"மாமா ஏறுனா போட்டுக்குத் தெரியவே தெரியாதுங்க."

ஒல்லிக்குச்சி மாமனார் கந்தப்பனுக்கு அது உறைக்கவே இல்லை. அவர் காதில் வேறு ஒரு சொல் விழுந்திருந்தது.

"பம்பு மக்கரா?"

சிங்காநல்லூரில் மோட்டார் பம்பு கம்பெனி நடத்துகிறவர் அவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஸ்பானர் இருக்குதுங்களா தம்பி? அஞ்சே நிமிசம், கழட்டிப் பாத்துப்போடலாம்."

படகோட்டி இல்யாஸ் நித்யஸ்ரீயைப் பார்த்தான். நித்யஸ்ரீ தண்ணீரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, லீவுக்கு வந்த எடத்துலயும் பம்பா? பேசாம உக்காருங்க." வரலட்சுமி சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். "இந்தாங்க, பையெல்லாம் நீங்க பாத்துக்கங்க. எம்பட வெயிட் இல்லாம அங்க வேலை நின்னு போச்சாமா."

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, இடது பக்கப் பின் சீட்டில் அழுந்த உட்கார்ந்தார். மிதுன் முணுமுணுத்துக்கொண்டே பலகையோடு தண்ணீரில் இறங்கினான்.

"பின்னாடி ரெண்டு தகடு இருக்குதுங்கம்மா," என்றான் இல்யாஸ். "வலது பக்கத் தகடை எறக்குனா, இடது பக்கம் அலை சுத்தமா எந்திரிக்கும். ஆனா தகடு மட்டும் போதாதுங்க, வெயிட்டும் வேணும்."

படகு கிளம்பியது. அலை எழுந்தது. மிதுன் நின்றான், உடனே விழுந்தான்.

"அலை கட்டையா இருக்குதுங்களே தம்பி. நான் கொஞ்சம் முன்னால நகந்தா?"

"நகந்து பாருங்கம்மா."

ஒரு முழம் நகர்ந்தார். அலை நீண்டது.

"அட, அலையும் நீளுதுங்க தம்பி."

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. முன்னால் நகர்ந்தார், பின்னால் நகர்ந்தார், தகடை இன்னும் கொஞ்சம் இறக்கச் சொன்னார். மூன்றாவது சுற்றில் மிதுன் கயிற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, வெறுங்கையோடு அலையில் நின்றுகொண்டு வந்தான்.

"விழுந்துபோடாத கண்ணு, நான் அமுக்கிப் பிடிச்சுக்கறேன்," என்று கத்தினார் வரலட்சுமி. முந்தானை நனைந்து சொட்டியது. சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கரையில் கந்தப்பன் நாலு செல்போனை மடியில் வைத்துக்கொண்டு காவல் இருந்தார்.

இறங்கிய பிறகும் மிதுனுக்குக் கோபம் தீரவில்லை. "நான் நின்னது சரி. அதுக்காக அடுத்தவங்க முன்னால எங்கம்மாவை வெயிட்டுன்னு சொல்லுவியா? மன்னிப்புக் கேளு."

நித்யஸ்ரீ உடனே மாமியார் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்குங்க அத்தை," என்றாள்.

"எதுக்கு அம்மணி? எம்பட வெயிட் இல்லாட்டி இவன் நின்னிருப்பானா?" என்று முடித்துவிட்டார் வரலட்சுமி.

சாயங்காலம், மறந்துபோன செருப்பை எடுக்க அவர் மட்டும் படகுத்துறைக்கு வந்தார். இல்யாஸ் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"அம்மா, உங்க மருமக திட்டு வாங்குனதைப் பாத்துட்டு மனசு கேக்கலீங்க. பம்புக்கு ஒண்ணுமே இல்லீங்க. அவங்கதான் பாதித் தண்ணியை வெளிய எடுத்துவுடச் சொன்னாங்க. 'எங்கத்தை சும்மா கூப்பிட்டா வரவே மாட்டாங்க, வேலைன்னு கூப்பிட்டாத்தான் வருவாங்க'ன்னாங்க."

"தெரியுமுங்க தம்பி."

இல்யாஸ் விழித்தான்.

"பம்புக்காரர் ஊட்டுல இத்தனை வருசமா இருக்கறேன். அத்தனை தண்ணிய வெளிய தள்ளுன பம்பு எப்படீங்க மக்கராகும்? அவரு ஸ்பானர் கேட்டப்ப எனக்குத்தான் பக்குனு ஆகிப்போச்சு."

செருப்பை மாட்டிக்கொண்டு நாலடி நடந்தவர், திரும்பிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க. நாளைக்குக் காலைலயும் வாரோம். பம்பு ரிப்பேராவே இருக்கட்டுமுங்க."