முப்பத்திரண்டாவது தாள்

எந்த வேலை யாருக்குப் பொருந்தும் என்று பார்க்கும் ஆளுமைத் தேர்வை, பாறசாலை டீச்சர் ஒருவர் எங்கள் கடற்கரை மாதா கோயிலில் நடத்தினார். கோயிலின் பங்குப் பதிவேட்டைப் பார்த்துத் தாள்களில் இளைஞர்களின் பெயர் எழுதியது நான். கடலில் போய் உடல் கிடைக்காதவர்களின் பெயரை அதில் வெட்டுவதில்லை. கவனமில்லாமல், அப்படிப் போன, என்னோடு படித்த டிக்சனின் பெயரையும் எழுதிவிட்டேன். வந்தவர்கள் முப்பத்தொரு பேர். முப்பத்திரண்டு தாள்களிலும் பதில் இருந்தது.

டிக்சனின் தாளை அவன் அம்மா பெர்த்தா மாமியிடம் கொண்டுபோனேன். ‘கடல் வேலைக்குப் பொருத்தமில்லை’ என்று டீச்சர் முடிவு எழுதியிருந்தார்.

“படிக்கப் போணும்ணு அழுதான் மக்கா. நானாக்கும் வள்ளத்துல ஏத்தி விட்டது” என்றாள் மாமி.

கடைசிக் கேள்வி, இப்போதைய வேலையை இன்னும் ஏன் விடவில்லை என்பது.

அவன் கையெழுத்தில் பதில் இருந்தது: ‘அம்மா இன்னும் வரச் சொல்லல.’