கண்ணாடி போட்ட கவுன்ட்டர்

மொரப்பூர் ஸ்டேஷன் டிக்கெட் கவுன்ட்டருக்குப் புதிதாகத் தடித்த கண்ணாடியும் மைக்கும் போட்டிருந்தார்கள். வரிசையில் சென்றாயனுக்கு முன்னால் நின்றவர் நகர்வதாக இல்லை.

"சேலம் வண்டி எந்த பிளாட்பாரங்க?"

"ரெண்டாவதுங்க" என்றது ஸ்பீக்கரில், உள்ளே டிக்கெட் கொடுக்கும் நிர்மலாதேவியின் குரல்.

"ஈரோட்டுக்கு?"

"அதேதாங்க."

"கோயமுத்தூருக்கு?"

"அதுக்கும் அதேதாங்க!"

சென்றாயனுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, டிக்கெட் வாங்கறீங்களா, இல்லியா?"

அவர் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "நான் எங்கயும் போகலீங்க. அந்தம்மா என் சம்சாரந்தான். சண்டை போட்டுட்டு ஒரு வாரமா வூட்ல வாயே தொறக்கல. இங்க கேட்டா பதில் சொல்லித்தானே ஆகணும்?"

மைக் அதையும் உள்ளே கொண்டுபோய்விட்டது. ஸ்பீக்கர் கரகரத்தது, வரிசை முழுக்கக் கேட்டது.

"கொழம்பு அடுப்பு மேல இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிடுங்க. அடுத்த ஆள் வாங்க!"