பூஜையில் வைத்த சார்ஜர்

கிச்சா திருடப் போனது சொந்த வீட்டுப் பூஜை அறையில். சரஸ்வதி பூஜை மத்தியானம். வடையும் பாயசமும் சாப்பிட்ட களைப்பில் மயிலாப்பூரே கண் அயர்ந்திருந்தது. கூடத்தில் மனைவி சுப்புலக்ஷ்மியின் குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது.

இருபத்தெட்டு வருஷமாகக் கல்லூரியில் பிசிக்ஸ் நடத்துகிற மனுஷர், பெண்டாட்டிக்குப் பயந்து நுனிக்காலில் நடந்தார். 'நன்னாயிருக்குடா உன் லட்சணம்!' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

எல்லாம் அந்தப் பழைய வேனால் வந்த வினை. மறுநாள் விஜயதசமி. காலை ஏழரைக்குக் கொட்டிவாக்கம் கோயிலில் மகள் மஹதியின் முதல் கச்சேரி. அவளையும் பக்கவாத்தியத்தையும் ஏற்றிக்கொண்டு வேன் கிளம்ப ஒரு பேட்டரி, கரண்டை நம்ப முடியாத அந்தக் கோயிலில் மைக்குக்கு இன்னொரு பேட்டரி. பத்து நாளாக இரண்டும் படுத்துக் கிடந்தன.

"இன்னாத்துக்கு சார் இவ்ளோ ரோசனை? ரெண்டையும் நம்ம கடையில குட்து போ. ஒரே நாள்ல ஏத்திக் குடுத்துடறேன்" என்று தெருமுனை பேட்டரிக் கடை குலாம் முகம்மது அப்போதே சொன்னார்.

கேட்பாரா கிச்சா? "ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு, பாய். ரெண்டையும் சேத்துப் போட்டா பழசு புதுசையும் கெடுத்துடும். தனித்தனியா ஏத்தற சார்ஜர்னா வீட்டுல பிளக்கைச் சொருகினோமா, வேலை முடிஞ்சுதான்னு இருக்கும்" என்று பாய்க்கே பாடம் நடத்தினார்.

அதோடு விட்டாரா? பதினோரு கடை ஏறி இறங்கினார். ஆம்பியர், வோல்ட் என்று நோட்டில் நாற்பது பக்கம் எழுதினார். வரன் பார்க்கிறவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். கடைசியில் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை ஒன்றில் மூன்று நாள் பழியாய்க் கிடந்து, தன் யோசனைப்படியே ஒன்றைச் செய்யவைத்தார். பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

சுப்புலக்ஷ்மி அதை அப்படியே வாங்கிப் பூஜையில் வைத்துவிட்டாள். "நாளைக்கு ஒரு சாமானையும் தொடப்படாது. நாளன்னிக்குக் கார்த்தால எடுத்துக்கோங்கோ."

"கார்த்தால கச்சேரிடி! எப்போ சார்ஜ் ஏறி, எப்போ வண்டி கிளம்பறது?"

"சரஸ்வதி பாத்துப்பா."

இப்போது அந்தச் சரஸ்வதி படத்துக்கு முன்னால்தான் கிச்சா நின்றார். புத்தகங்கள், மஹதியின் சுருதிப் பெட்டி, கத்திரிக்கோல், சுத்தியல், டெஸ்டர், ஒரு பீங்கான் ஃப்யூஸ் கட்டை, தேங்காய் துருவி என்று எல்லாம் சந்தன குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. சுப்புலக்ஷ்மி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

கன்னத்தில் போட்டுக்கொண்டு, அட்டைப் பெட்டிக்குள்ளிருந்த சார்ஜரை மட்டும் உருவினார். காலிப் பெட்டி தலையில் சாமந்திப் பூவோடு அதே இடத்தில் இருந்தது. கொல்லைப்புற ஷெட்டுக்குப் போய், வேனிலிருந்த இரண்டு பேட்டரியிலும் கிளிப்புகளை மாட்டி, பிளக்கைச் சொருகி, ஸ்விட்சைத் தட்டினார்.

"ஏன்னா! அங்க என்ன சத்தம்?"

பதறிப்போய்ச் சார்ஜர்மேல் ஒரு கோணியைப் போட்டு மூடினார். "பூனைடி... பூனையை விரட்டினேன்!" அதற்கப்புறம் பொழுது விடியும்வரை அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை.

காலை ஆறு மணிக்குக் கோணியை விலக்கினார். மீட்டரில் முள் ஜீரோவில் நின்றது. தொட்டுப் பார்த்தார், சூடே இல்லை, ஜில்லென்று இருந்தது. கிச்சாவுக்குப் புல்லரித்தது. பேட்டரி நிரம்ப நிரம்ப முள் இறங்கும், ஜீரோ என்றால் முழுக்க நிரம்பிவிட்டது என்று அர்த்தம். பரீட்சையில் பத்து மார்க்குக்கு இதையே கேட்டவர் அவர்.

பத்து நாளாக யாரையும் தொடவிடாத சாவியைத் திருப்பினார். ஒரே உறுமலில் வேன் கிளம்பியது. மைக்கில் 'ஹலோ, ஹலோ' என்றார். மாட வீதி வரைக்கும் கேட்டது. மஹதி கைதட்டிக்கொண்டு ஓடிவந்தாள். சத்தம் கேட்டுத் தெருமுனையிலிருந்து குலாம் முகம்மதுவும் வந்து சேர்ந்தார்.

"பாத்தீங்களா பாய்? நேத்து மத்தியானமே பூஜையிலேர்ந்து எடுத்து மாட்டிட்டேன். விடிய விடிய சார்ஜ்! இதுக்குத்தான் படிச்சிருக்கணுங்கறது" என்றார் கிச்சா. நெஞ்சு கொள்ளாத பெருமை.

குலாம் முகம்மது தலையைச் சொறிந்தார். "அது இல்ல சார்... நீ பட்டறைக்குப் போய்க்கினு இருந்தப்பவே அம்மா கூப்ட்டு வுட்டாங்க. ரெண்டையும் கழட்டிக்கினு போய், நீ சொன்னா மாதிரியே தனித்தனியா ஃபுல்லா ஏத்தி, மறுநாளே மாட்டிட்டேன்."

மஹதி சிரிப்பை அடக்கத் தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தானே, ஒரு மார்க்காவது வாங்காமல் விடுவாரா?

"இருக்கட்டுமே! அதுக்கு மேல என் சார்ஜரும் கொஞ்சம் ஏத்தியிருக்குமோன்னோ? மீட்டரே சொல்றதே!"

புனர்பூஜையை முடித்துக்கொண்டு அப்போதுதான் வந்த சுப்புலக்ஷ்மி, சந்தனப் பொட்டு வைத்த பீங்கான் கட்டையை அவர் கையில் வைத்தாள்.

"இந்தாங்கோ, ஷெட்டு ஃப்யூஸ். நேத்திலேர்ந்து பூஜையிலதான் இருந்தது."