கிரேன்காரரின் வயிறு

"ரிப்போர்ட் மாறிப் போயிருக்கும் டாக்டர். இது என்னோடதா இருக்கவே முடியாது."

டாக்டரம்மா இதே வசனத்தை நிறையப் பேரிடம் கேட்டவர். "உங்க பேர்தானே போட்டிருக்கு?" என்றார்.

"பேர் என்னோடதுதான். வயிறு என்னோடது இல்ல!"

டவர் கிரேன் ஓட்டுபவர் அவர். எந்நேரமும் உயரத்திலேயே உட்கார்ந்திருப்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் உச்சாணி. மேலே கழிப்பறை கிடையாது. அவசரம் என்றால் ஏணியில் இறங்கி முடிப்பதற்குள் மானம் போய்விடும். குடலில் அழற்சி வந்ததும் மேனேஜர் அவரைக் கீழே இறக்கி, கேட்டில் லாரி நம்பர் எழுத உட்கார வைத்துவிட்டார். இந்த மலப் பரிசோதனையில் தேறினால் மறுபடி மேலே ஏறலாம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை வேறொருவர் ஏறிவிடுவார்.

"ஊசி போட்டதுலேர்ந்து நல்லா இருக்கேன் டாக்டர். ரத்தம் சுத்தமா நின்னுடுச்சு. ஏய், நீயாவது சொல்லேன்!"

பக்கத்தில் இருந்த மனைவி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவள், இன்றைக்குப் பார்த்து வாயடைத்துப் போனதில் உச்சாணிக்கு எரிச்சல்.

"நல்லா இருக்குன்னு உங்களுக்குத் தோணலாம். குடல் வேற சொல்லுதே," என்றார் டாக்டரம்மா. "குடல் சுவர்ல வெள்ளை அணுக்கள் இருக்கு. ஆபத்துன்னா ஒரு ரசாயனத்தை விட்டு மத்த அணுக்களைக் கூப்பிடும். வந்தது எல்லாம் இன்னும் நாலு பேரைக் கூப்பிடும். உங்க வியாதில, ஆபத்தே இல்லாம கூப்பாடு போடுது. வந்த கூட்டம் சும்மா இருக்குமா? குடலையே புண்ணாக்கிடுது."

"அதுக்குத்தானே ஊசி?"

"ஊசி அந்தக் கூப்பாட்டைப் பாதி வழியில மறிக்கும். மறிச்சிருந்தா கூட்டம் கலைஞ்சிருக்கும். அந்த அணுக்கள் விடுற புரதமும் மலத்துல குறைஞ்சிருக்கும். இங்க எக்கச்சக்கமா இருக்கே! வேற ரசாயனத்தை வெச்சுக் கூப்பிடுதோ என்னமோ. இந்த ஊசியை நிறுத்திட்டு வேற மருந்து தரேன். அது கேக்குதான்னு தெரியுற வரைக்கும் கிரேன் வேண்டாம்."

உச்சாணி இடிந்துபோனார். "வேலை போயிடும் டாக்டர். கீழே உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும்."

டாக்டரம்மாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் புது மருந்தை எழுத ஆரம்பித்தார்.

"எழுதாதீங்க டாக்டர்!" மனைவி எழுந்தே விட்டாள். "அந்த ஊசி நல்லாத்தான் கேக்குது. நிறுத்திடாதீங்க!"

"நீங்க எப்படிம்மா சொல்றீங்க?"

அவள் கணவரின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "இதுல தேறலேன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரேன்னு பயந்துட்டேன். டெஸ்டுக்குக் குடுத்த அன்னைக்குக் காலைல, இவர் குளிக்கப் போனப்போ சாம்பிள் டப்பாவை மாத்தி வெச்சுட்டேன். அதுல இருந்தது... என்னோடது."

"அடிப்பாவி! நான் நல்லா இருக்கேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!" உச்சாணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "டாக்டர், அப்ப நான் மேல ஏறலாம்ல?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, அந்த நாற்காலியில் மனைவியை உட்கார வைத்தார்.

"சொல்லுங்கம்மா, எத்தனை நாளா வயிறு சரியில்ல?"